என் பெட்டியும் பரமசிவன் வீடும்

பரமசிவனைக் கேட்டுவிட்டுத்தான் செல்வி என்னிடம் வந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. போனை எடுத்ததுமே, "மாமா, பரமசிவன் மாமா ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னாவ" என்றுதான் ஆரம்பித்தாள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

செல்வி எங்கள் முதலாளியின் மகள். தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசைப் பக்கம் வண்டிகளுக்கு பாடி கட்டுகிற பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நானும் பரமசிவனும் எங்கள் உழைப்பு முழுவதையும் கொட்டிய பட்டறை அது.

விஷயம் இதுதான். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதில் வைப்பதற்கு ரெடிமேடு கேம்பர் ஒன்றையும் வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். கேம்பர் என்றால் பிக்கப்பின் தொட்டிக்குள் ஏற்றி வைக்கிற சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கும். ஊர் சுற்றப் போகும்போது ஏற்றிக்கொள்ளலாம்; வேண்டாதபோது இறக்கி வைத்துவிட்டு வண்டியில் மூட்டை ஏற்றலாம். அந்தப் பையனின் கேம்பர் தொட்டிக்குள் நுழையவில்லை. தொட்டியின் இரண்டு பக்கமும் சாமான் வைக்கும் பெட்டிகள் இருந்து வழியை அடைத்தன. கேம்பர் ஒரே வார்ப்பாக வந்த ஃபைபர், அதில் கை வைக்க முடியாது. ஆகவே பெட்டிகளை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு செல்வி பரமசிவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வந்து பார்த்துவிட்டு, கட்டரைக் கீழே வைத்துவிட்டானாம்.

"இது சம்முவம் வேலை. நான் தொடமாட்டேன். அவன் சொன்னா வெட்டு, இல்லன்னா விட்ரு."

சண்முகம் நான்தான். அந்தப் பெட்டிகள் நான் செய்தவை. என் கையால் செய்ததிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை எது என்று கேட்டால், யோசிக்காமல் அவற்றைத்தான் சொல்வேன். இன்னொருவனாக இருந்தால் பரமசிவன் சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்திருப்பான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் பெட்டியைக் காப்பாற்ற இவன் யார்?

எல்லாம் முடிந்த பிறகு, பக்கப் பெட்டி உள்ள பிக்கப்பில் கேம்பர் ஏற்றுவது எப்படி என்று பட்டறை ஆட்களுக்காக எழுதித் தரும்படி செல்வி கேட்டாள். பரமசிவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வாயாலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். அவன் அப்படித்தான். அவன் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நடுநடுவே பொறாமை தெரியும். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

எனக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம். நெல் போடுகிற குடும்பம். அண்ணன்கள் வயலைப் பார்த்துக்கொண்டார்கள், நான் தகர வேலை படிக்கத் தென்காசிக்கு வந்தேன். நான் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் பரமசிவனும் செங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தான். ஒரே தகரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடக்கித்தான் இரண்டு பேரும் தொழில் படித்தோம். எனக்கு வராததெல்லாம் அவனுக்கு வந்தது. நான் அளவுக் கோலை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி அளந்து வெட்டுவேன். அவன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வெட்டுவான். இரண்டும் ஒரே அளவில் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாக வெட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சீசன் வந்தால் முதலாளி எங்கள் எல்லோரையும் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போவார். அங்கேகூட குரங்கு என் கையிலிருக்கும் பழத்தைத்தான் பிடுங்கும். பரமசிவன் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுப் பழத்தையும் உரித்து நிதானமாகத் தின்பான். "என்னலே, ஒன்னத்தான் அதுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஆறுதல் வேறு சொல்வான்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் வேலையை வாயால் பாராட்டிக் கேட்டவன் கிடையாது. முடிந்த வேலையின் பக்கத்தில் வந்து நிற்பார். செருப்பைக் கழற்றுவார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பிறகு உள்ளங்கையை ஓரத்தில் வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே இழுப்பாகத் தடவிக்கொண்டு போவார். தகர ஓரத்தில் இப்படிக் கையை இழுக்க தைரியம் வேண்டும். எங்காவது பிசிறு இருந்தால் கை கிழிந்து ரத்தம் வரும். வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் கையை வேலை செய்தவன் முகத்துக்கு நேராக நீட்டுவார். அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால்கூட அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

வேலை பிடித்துப் போனால் அதற்கும் வார்த்தை கிடையாது. சாயந்திரம் டீ வரும். தட்டை அண்ணாச்சிதான் வாங்குவார். முதல் கிளாஸை எடுத்து யார் கையில் கொடுக்கிறாரோ, அன்றைக்கு அவன் வேலைதான் வேலை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் பட்டறையில் அந்த முதல் கிளாஸ் யாருக்கு என்று எல்லோர் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது பரமசிவனுக்குத்தான் போனது. எனக்கும் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் லீவு போட்ட நாட்களில் வந்தது. அப்படி வந்த டீயைக் குடித்தால் இனிக்குமா?

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

வேலாயுதம் அண்ணாச்சி பட்டாளத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்தார். காய் ஏற்றுவதற்காக ஒரு பிக்கப் வாங்கினார். அவர் மனைவி கோமதி அக்கா சீசன் சமயத்தில் அதே வண்டியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு வந்துவிடுவார். ஐந்தருவி போகிற வழியில் வண்டியை நிறுத்தி வியாபாரம். சாரலில் தராசு துருப்பிடிக்கிறது, பை நனைகிறது, மாற்றுத்துணி நனைகிறது என்று அக்கா கேட்டதன் பேரில், தொட்டியின் இரண்டு ஓரத்திலும் பெட்டி அடிக்க வேண்டும் என்று வந்தார்கள். வெளியிலிருந்து கதவைத் தூக்கித் திறக்கிற மாதிரி, பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் அறை போல. அன்று பரமசிவன் ஒரு லாரி பாடி வேலையில் இருந்தான். அதனால் வேலை எனக்கு வந்தது.

சாதாரணமாக எல்லோரும் கதவு ஓரத்தில் ரப்பர் பீடிங் ஒட்டிவிட்டு, தண்ணீர் உள்ளே போகாது என்பார்கள். ரப்பர் இரண்டு வெயிலில் வெடித்துவிடும். நான் வேறு மாதிரி செய்தேன். கதவு வந்து உட்காருகிற இடத்தைச் சுற்றி தகரத்தையே மடக்கி, விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்தேன். கதவின் உதடு அந்த வாய்க்காலுக்குள் போய் உட்காரும். கதவைத் தாண்டி வருகிற தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, பின்மூலையில் உள்ள துளை வழியாக ரோட்டுக்குப் போய்விடும். பெட்டியின் மேல் ஓரம் தளராமல் இருக்க அதைத் தொட்டியின் உட்புறமாக மடித்துவிட்டேன். பெட்டியைத் தொட்டியோடு வெல்டிங் வைக்கவில்லை. சூட்டில் தகரம் நெளிந்தால் வாய்க்கால் கோணிவிடும் என்று அடியில் போல்ட் போட்டு, தண்ணீர் புகாமல் போல்ட்டுகள் மறைகிற மாதிரி சீலண்ட் பசை பூசினேன்.

எங்கள் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையை இழுத்தார். பிறகு ஒரு பேப்பரைப் பெட்டிக்குள் போட்டு, கதவை மூடி, தண்ணீர்க் குழாயை எடுத்து மேலே பிடித்தார். நெடுநேரம் பிடித்தார். திறந்து பேப்பரை எடுத்தபோது அது சரசரவென்றது. அன்று சாயந்திரம் முதல் டீ எனக்கு வந்தது. பரமசிவன் அன்று லீவு இல்லை, எதிரில்தான் நின்றான். "நல்லா இருக்குலே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதாவது கசப்பு இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த சீசனுக்கு முன்னால் வேலாயுதம் அண்ணாச்சி மறுபடி வந்தார். சீசன் முழுக்கத் தினமும் ஊருக்குப் போய்த் திரும்புவது அக்காவுக்கு முடியவில்லை. வண்டியிலேயே தங்கிக்கொள்ள ஒரு வீடு வேண்டும். சீசன் முடிந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு எலுமிச்சை ஏற்ற வேண்டும். செல்போனில் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டினார். எங்கள் அண்ணாச்சி அதை உற்றுப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "பரமசிவா" என்று கூப்பிட்டார்.

வண்டி என் பெட்டி உள்ள வண்டி. அதன் ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும். என்னைக் கேட்டிருக்கலாம். நான் போய் வேறொரு வண்டியின் மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். தேவைக்கு அதிகமாகவே தட்டினேன்.

பரமசிவன் வேலையைத் தொடங்கினான். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பாடி கட்டுகிற முறையை இங்கே சொல்லியாக வேண்டும். லாரியோ வேனோ, பாடியைத் தரையில் வைத்துக் கட்டுவது கிடையாது. வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே கட்டிக்கொண்டு போவோம். இரண்டு வண்டி ஒரே மாதிரி இருக்காது, ஒரு வண்டியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று வளைந்திருக்கும். அதன் மேலேயே கட்டினால்தான் அதற்குப் பொருந்தும். கட்டியதைக் கழற்றவும் மாட்டோம். வேண்டாம் என்றால் வெட்டி எறிவோம். பரமசிவனும் அப்படியே, பிக்கப் தொட்டிக்குள்ளேயே நின்று அந்த வீட்டைக் கட்டினான்.

அழகாகக் கட்டினான் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் அழகாகத்தான் கட்டினான். என் பெட்டிகளுக்கு நடுவே கீழ்ச்சுவர், பெட்டிக்கு மேலே வந்ததும் இரண்டு பக்கமும் அகன்று வண்டியின் முழு அகலம், முன்னால் டிரைவர் கேபினுக்கு மேலே நீண்டு படுக்கை. ஆட்டம் காணக் கூடாது என்று கீழ்ச்சுவரை என் பெட்டியின் மடித்த ஓரத்துக்கு அடியில் போய் ஒட்டி நிற்கிற மாதிரி வைத்தான். இடையில் ஒரு பேப்பர் நுழையாது. பார்க்க வந்தவர்களெல்லாம் வீட்டைத்தான் பார்த்தார்கள். பெட்டிக் கதவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு வீட்டைப் பாராட்டினார்கள்.

இறக்கிப் பார்க்கிற நாள் வந்தது. நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து வீட்டைக் கொஞ்சம் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியை முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வீடு ஜாக்கியில் நிற்கும், வண்டி காலியாக வெளியே வரும். அண்ணாச்சி, வேலாயுதம் அண்ணாச்சி, கோமதி அக்கா எல்லோரும் நின்றார்கள். ஜாக்கியைச் சுற்றினோம். வீடு தனியாக எழவில்லை, வண்டியே சேர்ந்து எழுந்தது.

மேலே தூக்கினால் என் பெட்டியின் மடிப்பில் பிடித்தது. சரி, அப்படியே பின்னால் இழுக்கலாம் என்று பார்த்தால், பின்கதவு மாட்டுகிற கம்பம் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பிடித்தது. அந்த வீட்டை யாரும் உள்ளே நுழைக்கவில்லை. அது உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்ந்தது. நுழைந்த வழி என்று ஒன்று இல்லாததற்கு வெளியேறும் வழி எங்கிருந்து வரும்? பட்டறையில் அத்தனை பேர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். உறைத்திருந்தால் முதல் நாளே சத்தம் போட்டுச் சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பைத் தவறவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒண்ணு பெட்டிய வெட்டணும், இல்ல வீட்ட வெட்டணும்" என்றார்.

வீட்டை வெட்டுவது என்றால், உள்ளே அடித்த பிளைவுட், பெஞ்ச், அலமாரி எல்லாவற்றையும் பிரித்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பெட்டியை வெட்டுவது சுலபம். மேல் மடிப்பையும், அந்தக் கம்பத்தோடு சேர்ந்த பின்மூலையையும் சீவிவிட்டால் போதும். ஆனால் பின்மூலையில்தான் என் வாய்க்காலின் துளை இருந்தது. அதை வெட்டினால் பெட்டி பெட்டியாக இருக்கும், தண்ணீரும் உள்ளே இருக்கும்.

"சம்முவம், சாக்பீஸ எடு. பெட்டி மூலையில கோடு போடு" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, தப்பு பெட்டியில இல்ல."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலியே. எது சீக்கிரம் முடியும்னு பாக்கேன். சீசன் வந்துட்டுல்லா?"

நான் பரமசிவனைப் பார்த்தேன். அவன் ஜாக்கியைப் பிடித்தபடி குனிந்து நின்றான். அவன் பண்ணிய கோளாறுக்கு என் பெட்டி கழுத்தை நீட்ட வேண்டும். சாக்பீஸை எடுத்தேன். என் பெட்டியில் நானே கோடு போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது, கைப்பழக்கம்.

அப்போதுதான் கோமதி அக்கா பக்கத்தில் வந்தார். "இது என்ன கோடு?" என்றார். சொன்னேன். அக்கா என்னை விட்டுவிட்டு நேராக அண்ணாச்சியிடம் போனார்.

"அண்ணாச்சி, போன சீசன்ல அஞ்சருவி ரோட்டுல அத்தன பேரு சாமானும் நனஞ்சிட்டு. என் தராசு மட்டும் புதுசு மாரி இருந்துச்சு. பெட்டியில கை வைக்காதீய. வீட்ட வேணா வெட்டுங்க."

"வீட்ட வெட்டுனா நாளாகும் தாயி."

"ஆகட்டும். ஒழுகுத வீட்ல நான் ஒரு ஓரமா ஒண்டிக்கிடுவேன். ஒழுகுத பெட்டிய வச்சி யாவாரம் பண்ண முடியுமா?"

வேலாயுதம் அண்ணாச்சி, வீட்டில் அவர் பேச்சு என்றைக்கும் எடுபட்டதில்லை என்பது போல் சும்மா நின்றார். பரமசிவன்தான் ஜாக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நான் வெட்டுதேன் அண்ணாச்சி. எம் வேலதான, நானே பிரிக்கேன்."

அந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பரமசிவன் கட்டியதைப் பரமசிவனே வெட்டப் போகிறான், காரணம் என் பெட்டி. அவன் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். அவன் உள்ளே போய், வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு, பிளைவுட்டை ஒவ்வொரு ஸ்குருவாகக் கழற்றினான். உள்ளே அடுப்பு மாதிரி சூடு. சட்டையைக் கழற்றி வெளியே எறிந்தான். பிறகு ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தான். என் மனசு விட்டுப் போயிற்று. தான் கட்டியதைத் தானே இடிக்கிறவனுக்கு என்ன பாட்டு வேண்டிக் கிடக்கிறது?

அவன் வெட்டியது மட்டும் இல்லை. இரண்டு சுவரையும் உள்ளே தள்ளியபோது, நுழைகிற முன்பக்கத்தைக் கொஞ்சம் ஒடுக்கமாகவும் பின்பக்கத்தை அகலமாகவும் வைத்தான். என் பெட்டியின் உட்சுவரில் உரசாமல் இருக்க, இரண்டு பக்கமும் வழுவழுவென்று தேக்குக் கட்டையை நீளவாக்கில் பதித்தான். முடித்த பிறகு வீட்டை ஜாக்கியில் நிறுத்தி, வண்டியை முன்னால் ஓட்டி வெளியே எடுத்தான். பிறகு வேலாயுதம் அண்ணாச்சியை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னான். ஒருவரும் கை காட்டவில்லை. வண்டி சற்றுக் கோணலாகவே வந்தது. ஒடுக்கமான மூக்கு பெட்டிகளுக்கு நடுவே புகுந்து, கட்டை வழிகாட்ட, வீடு தானாக நேராகி உள்ளே போய் உட்கார்ந்தது.

அன்று சாயந்திரம் முதல் டீ பரமசிவனுக்குப் போனது.

செய்த தப்பைத் திருத்தியதற்கு முதல் கிளாஸ்! தப்பே இல்லாத வேலையைச் செய்தவனுக்கு இரண்டாவது! நான் டீயை வாங்கிக் கீழே வைத்தேன். ஆறிப் போய் ஆடை படிந்தது. குடிக்கவில்லை. பரமசிவன் வந்து, "குடிக்கலியா? தா, நான் குடிக்கேன்" என்று அதையும் எடுத்துக் குடித்துவிட்டான்.

இனி செல்வியின் ஆட்களுக்கு. அன்று வீட்டை வண்டியோடு இழுத்துக் கட்டிய வேலை என்னுடையது, அதனால் இதில் என் சொல்லைக் கேளுங்கள். தொட்டியின் தரையில் கனமான ரப்பர் பாய் விரியுங்கள். வெறும் தகரத்தில் வைத்தால் ஈரத்தில் வீடு வழுக்கும். இழுத்துக் கட்டுகிற கொக்கியைப் பக்கப் பெட்டியில் மாட்டாதீர்கள், பெட்டி மெல்லிய தகரம், கிழிந்துவிடும். அடியில் சேஸிலிருந்து கம்பி எடுத்து, பெட்டிக்கு முன்னும் பின்னும் மேலே கொண்டுவந்து, முறுக்கினால் இறுகுகிற டர்ன்பக்கிள் போட்டு நான்கு மூலையிலும் கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் போன்ற கனமானவை பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஏற்றத்தில் வண்டி முன்பக்கம் லேசாகும். மேலே அகலுகிற பகுதி, பெட்டிக் கதவு தூக்கித் திறக்கும்போது இடிக்காத உயரத்தில் தொடங்க வேண்டும். எல்லாம் கட்டியபின் புளியறை மலைப்பாதை வளைவுகளில் ஒருமுறை ஏறி இறங்கி வாருங்கள். வந்ததும் கொக்கிகளை மறுபடி இறுக்குங்கள். தளராத கொக்கியை நான் பார்த்ததில்லை.

வேலாயுதம் அண்ணாச்சி காலமான பிறகு கோமதி அக்கா பிக்கப்பை விற்றுவிட்டார். பரமசிவன் கட்டிய வீட்டை மட்டும் விற்கவில்லை. தோட்டத்தில் செங்கல் மேல் இறக்கி வைத்திருக்கிறார், காவலுக்கு அதில்தான் படுக்கிறார். என் பெட்டிகள் வண்டியோடு போய் கை மாறிக் கை மாறி, அந்தக் கோயம்புத்தூர்ப் பையனிடம் வந்து சேர்ந்தன.

செல்வி போன் பண்ணிய மறுநாள் பட்டறைக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியின் நிறம் மாறியிருந்தது, பெட்டி மாறவில்லை. கதவைத் தூக்கி உள்ளே கை விட்டேன். காய்ந்த தகரம்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க. ஆனா என்ற கேம்பர் இதுக்குள்ள போக மாட்டேங்குதுங்களே" என்று அந்தப் பையன் தயங்கிக்கொண்டு சொன்னான். அவன்மேல் கோபப்பட வழியில்லை.

பரமசிவனும் வந்திருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு முடிவோடுதான் போயிருந்தேன். பரமசிவன் பெருந்தன்மையால் என் பெட்டி பிழைத்தது என்று ஊரில் பேச்சு வருவதைவிட, அதை என் கையாலேயே வெட்டிவிடுவது மேல். "கட்டரை எடு" என்று செல்வியிடம் சொன்னேன்.

"மாமா, நல்லா யோசிச்சிட்டீயளா?"

"எடு."

பரமசிவன் ஸ்டூலை விட்டு எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வண்டிக்கு அடியில் குனிந்தான். ஒரு ஸ்குருடிரைவரை எடுத்து, காய்ந்த சீலண்டைச் சுரண்டினான்.

"ஏலே சம்முவம், இது போல்ட்டுல்லா?"

"ஆமா. வெல்டிங் வச்சா நெளிஞ்சிரும்னு போல்ட் போட்டேன்."

"பெறகு எதுக்குலே வெட்டணும்? கழட்டுவோம்."

போல்ட் போட்டவன் நான். கழற்றலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"அன்னைக்கு நான் கட்டுன வீடு உள்ள மாட்டிக்கிட்டுல்லா, அதுல இருந்து எதப் பாத்தாலும் இது எப்படிக் கழலும்னுதான் முதல்ல பாப்பேன். நேத்து சீலண்டு மூடி இருந்ததால தெரியல" என்றான், ஏதோ வானிலை சொல்வது போல.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இரண்டு பெட்டியும் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வெளியே வந்தன. அந்தப் பையனின் கேம்பர் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தது. பட்டறை ஆட்கள் கை தட்டினார்கள். யாருக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை.

"பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போயிருங்க மாமா. ஒங்களுதுதான்" என்றாள் செல்வி. லோடு ஆட்டோ ரோட்டில் நின்றது. முதல் பெட்டியைத் தூக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். பரமசிவன் அவர்களை விலக்கிவிட்டு முன்பக்கம் பிடித்தான், நான் பின்பக்கம் பிடித்தேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சாரலில் மெல்ல நடந்தோம். அவன் முதுகைப் பார்த்தபடி நடந்தபோது, அதுவரை வாயில் வராதது வந்துவிட்டது.

"ஏலே பரமசிவா, நெசத்தச் சொல்லு. இத்தன காலத்துல ஒரு நாளாவது எம்மேல ஒனக்குப் பொறாம வந்திருக்கா?"

அவன் நின்றான். கிண்டல் செய்கிறேனா என்று தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் உண்மையாகவே யோசித்தான். எனக்குக் கை வலித்தது. அவன் நிதானமாக யோசித்தான்.

"இல்லலே" என்றான். "எதுக்கு வரணும்?"

கையில் வேறு எது இருந்திருந்தாலும் அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இருந்தது என் பெட்டி. போட முடியவில்லை.

"நடலே" என்றேன். நடந்தான்.